மலேரியா மருந்து வேறு, பிளாஸ்மோடிய முடக்கி வேறு

குழுவினருக்கு வணக்கம்.

நம் பாடக்குறிப்புக்காக ‘ஆண்ட்டிபிளாஸ்மோடியல்’ (antiplasmodial) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். கும்பகோணம் ஐயா, அதையும் ‘மலேரியா மருந்து’ என்றே எழுதிவிடலாம் என்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ஆய்வகத்தில், சிவப்பணுக்களில் வளர்க்கும் பிளாஸ்மோடியம் என்ற மலேரியா ஒட்டுண்ணியின் பெருக்கத்தை ஒரு சேர்மம் நிறுத்தினால் அது ஆண்ட்டிபிளாஸ்மோடியல். நோயாளியைக் குணப்படுத்தினால்தான் மருந்து.

மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சேர்மத்தையே பாருங்கள். ஆய்வகத் தட்டில் பிளாஸ்மோடியத்தின் ஆபத்தான வகையான பால்சிபாரத்தை அடக்குகிறது. வாய்வழி உட்கொண்டாலோ குடல் மிகக் கொஞ்சத்தைத்தான் உறிஞ்சுகிறது. நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராபோலைடு என்ற சேர்மமும் மலேரியாவைப் பொறுத்தவரை மருந்தாகிவிடவில்லை. நம் டெல்டாவில் காய்ச்சல் என்றாலே நிலவேம்புக் குடிநீர் காய்ச்சுகிறார்கள். பாடக்குறிப்பிலும் ‘மலேரியா மருந்து’ என்று அச்சாகிவிட்டால், இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர் கஷாயத்தை நம்பி வீட்டிலேயே இருந்துவிடுவார். பால்சிபாரம் மலேரியா 24 மணி நேரத்துக்குள் சிகிச்சை இல்லாவிட்டால் கடுமையாகிவிடக் கூடியது. எனக்குக் கவலை அதுதான்.

தாவரத்திலிருந்து மருந்து வராது என்று சொல்லவில்லை. சின்கோனா பட்டையிலிருந்து குயினைனை 1820-இல் பிரித்தார்கள். ஆர்ட்டெமிசியா என்ற செடியின் இலையிலிருந்து ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்தைக் கண்டறிந்ததற்காகச் சீன விஞ்ஞானி தூ யூயூ 2015-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் இன்று நோயாளிக்குக் கொடுப்பது அந்த இலையின் கஷாயத்தை இல்லை; ஆர்ட்டெமிசினின் வழிப்பொருளை, அளவு வகுத்து, வேறொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘பிளாஸ்மோடியக் கொல்லி’ தேவைக்கு மேல் சொல்கிறது. சில சேர்மங்கள் வளர்ச்சியை நிறுத்துவதோடு சரி. ‘தடுப்பான்’ என்றால் தடுப்பூசி, தடுப்பு மருந்து என்று மனம் போகும். திருவாரூர் அம்மா தந்த ‘ஒடுக்கி’ ஓசையில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வேதியியல் பாடநூலில் ஒடுக்கம் என்பது எலக்ட்ரானை ஏற்கும் வேதிவினையான ரிடக்‌ஷன். நாம் எழுதுவதோ சேர்மங்களைப் பற்றி; மாணவர்கள் நிச்சயம் குழம்புவார்கள்.

என் முன்மொழிவு ‘பிளாஸ்மோடிய முடக்கி’. கொன்றாலும் பொருந்தும், வளரவிடாமல் நிறுத்தினாலும் பொருந்தும். ‘ஒட்டுண்ணி முடக்கி’ இன்னும் தமிழாக இருக்கும் என்பீர்கள். குடற்புழுவும் ஒட்டுண்ணிதானே, அதனால் பிளாஸ்மோடியம் என்ற பேரினப் பெயரே இருக்கட்டும்.

கிளைச்சொற்களும் வருகின்றன: முடக்குதிறன், அப்புறம் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும் செறிவுக்கு ‘அரைமுடக்கச் செறிவு’. இந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் தயக்கம் இருக்கிறது. படிப்பவருக்கு முடக்குவாதம் நினைவுக்கு வருமா? மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள். வேண்டாமென்றால் ‘பாதி முடக்கும் செறிவு’ என்று பிரித்தே எழுதிவிடலாம்.