ஸ்மார்ட் போர்டு யோசிக்க வைக்குமா, வேடிக்கை பார்க்க வைக்குமா?

தாமரை_அறிவியல்:
எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததிலிருந்து ஆசிரியர் அறையில் ஒரே விவாதம். "வீடியோ போட்டா பிள்ளைங்க அமைதியா உட்கார்றாங்க" என்கிறது ஒரு தரப்பு. "அமைதியா உட்கார்றது படிப்பா?" என்கிறது இன்னொரு தரப்பு. நான் இரண்டாவது தரப்புதான், ஆனாலும் போர்டை மூடி வைக்கச் சொல்ல மாட்டேன். திரையில் எதைக் காட்டினாலும் அதற்கு முன்னால் பிள்ளை தன் கணிப்பை எழுத வேண்டும், பார்த்த பிறகு அந்தக் கணிப்புக்குத் திரும்பி வர வேண்டும். இவ்வளவுதான் என் கட்சி.

ஏழாம் வகுப்பில் மின்சாரப் பாடம். ஒரு பேட்டரி, தொடரிணைப்பில், அதாவது ஒரே ஒயர் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு பல்பு. எது அதிகமாக எரியும் என்று கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் பல்பு என்று எழுதினார்கள். "முதல் பல்பு கரண்ட்டைத் தின்னுடும், மிச்சம்தான் ரெண்டாவதுக்குப் போகும்" என்று ஒரு பெண் காரணமும் எழுதியிருந்தாள். அப்புறம் போர்டில் ஃபெட் (PhET) இணையதளத்தைத் திறந்தேன். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் அறிவியல் விளையாட்டுக்கூடம் அது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. அதில் இரண்டு பல்பும் ஒரே அளவு எரிந்தன. மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால் வைத்தாலும், இரண்டுக்கும் நடுவில் வைத்தாலும், இரண்டாவதுக்குப் பின்னால் வைத்தாலும் ஒரே அளவீடு. வகுப்பில் ஒரே சத்தம்.

பிறகு நோட்டில் மூன்று வரி எழுதச் சொன்னேன்: முன்பு என்ன நினைத்தேன், இப்போது என்ன நினைக்கிறேன், எதைப் பார்த்து மாற்றிக்கொண்டேன். எனக்கு அந்த மூன்றாவது வரிதான் பாடம். குழுவுக்கு ஒருவர் ஒரு நிமிடம் விளக்கிப் பேசியதை என் ஃபோனில் பதிவு செய்து, அடுத்த வாரம் போட்டுக் காட்டினேன். ஒரு பையன் தன் குரலையே பாதியில் நிறுத்தச் சொன்னான். "டீச்சர், அங்க கரண்ட் குறையும்னு சொல்லிட்டேன். அப்படி இல்ல, ரெண்டு பல்பு போட்டா மொத்தமாவே குறையும், ஆனா எல்லா இடத்துலயும் ஒரே அளவுதான்" என்றான். இது வீடியோ போட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தால் நடந்திருக்குமா?

பாலாறு:
அம்மா, நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நீங்கள் செய்தது நல்ல கற்பித்தல், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் வேலை செய்தது உங்கள் கேள்வி. பெயர் திரைக்குப் போகிறது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலை இன்றைய ஆசிரியர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். சுவரில் பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திய ஏணிப்படி அட்டவணை. அதைப் பார்த்துப் பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு, அடுத்த பயிற்சி அட்டையைத் தானே எடுக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கீழ்மட்டக் கரும்பலகையில் ஓர் இடம். தவறு எழுதினால் தானே அழிக்கும். ஒரு சுவிட்ச்கூட இல்லாமல் பிள்ளை தன் கற்றலைத் தானே பார்த்த வகுப்பு அது. குறைகள் இருந்தன. அட்டையை முடிப்பதே குறி என்று ஆகிவிட்ட பள்ளிகளும் இருந்தன. அது மேற்பார்வையின் குறை. அதற்கு மின்சாரம் மருந்து ஆகாது.

இன்னொன்றும் கேட்கிறேன். டார்ச் பல்பு இரண்டு, பேட்டரி இரண்டு, கொஞ்சம் ஒயர். பெட்டிக் கடையில் கிடைக்கும் சாமான். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் பல்பின் படத்தை ஏன் காட்டுகிறீர்கள்?

தாமரை_அறிவியல்:
ஐயா, நிஜ பல்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதனால்தான். ஒரே கடையில், ஒரே பெட்டியில் வாங்கிய இரண்டு டார்ச் பல்புகூட ஒரே மாதிரி இருப்பதில்லை. இழையின் மின்தடை கொஞ்சம் மாறினாலே ஒன்று தூக்கலாக எரியும். அது தற்செயலாகப் பிளஸ் முனைப் பக்கம் இருந்துவிட்டால், "பாத்தீங்களா டீச்சர், நாங்க சொன்னதுதான்" என்பார்கள். தவறான எண்ணம் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். திரையில் இரண்டு பல்பும் அச்சு அசலாக ஒன்று. கருத்து முதலில் தெளிவாகட்டும், அப்புறம் நிஜ சாமானுக்குப் போகலாம்.

பாலாறு:
அங்கேதான் நமக்குள் கருத்து வேறுபாடு. ஒரு பல்பு தூக்கலாக எரிகிறதா? நல்லதாகப் போயிற்று. இரண்டையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பிரகாசம் இடத்தோடு நின்றால் பிள்ளைகள் சொன்னது சரி. பல்போடு சேர்ந்து நகர்ந்தால் காரணம் பல்பில் இருக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஒரு மாற்றத்தைச் செய்துபார்க்கும் பிள்ளை தன் எண்ணத்தைத் தானே விசாரிக்கக் கற்றுக்கொள்கிறது. உங்கள் திரையில் எல்லாம் சரியாகவே நடக்கும். சந்தேகப்பட அங்கே என்ன இருக்கிறது? திரை சொன்னது, பிள்ளை ஒப்புக்கொண்டது. பாடநூல் சொன்னதை ஒப்புக்கொள்வதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நிரல்_நந்தன்:
பாலாறு சார், உங்கள் கையில் 40 பிள்ளைகள், அதில் 10 பேர் இரண்டு வகுப்பு பின்தங்கியவர்கள் என்றால் என்ன செய்வீர்கள்? பல்பை இடம் மாற்றிப் போடும் அழகான கேள்வியை யாரிடம் கேட்பீர்கள்? டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து மாலை மையங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். கார்த்திக் முரளிதரனும் இன்னும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது, 2019இல் வெளியானது. சுமார் நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். காரணம், மென்பொருள் ஒவ்வொரு பிள்ளையும் நிற்கும் இடத்திலிருந்து கேள்வி கேட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புக் கணக்கு தேவையென்றால் அதைக் கொடுத்தது. நீங்கள் சொல்லும் ஏணிப்படியேதான் இது. அட்டைக்குப் பதிலாக நிரல்.

பாலாறு:
தம்பி, அந்த ஆய்வை நானும் படித்தேன். ஒரு அமர்வு 90 நிமிடம். அதில் பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதி, சிறு குழுவாக ஓர் உதவியாளர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் அந்தப் பலன். இன்னொரு ஆய்வில், தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 319 கிராமப்புறப் பள்ளிகளை எடுத்து, மடிக்கணினி போன பள்ளிகளையும் போகாத பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறியதற்குச் சான்று இல்லை.

நிரல்_நந்தன்:
பெருவில் கருவியை மட்டும் கொடுத்தார்கள். கற்பிக்கும் முறையைக் கொடுக்கவில்லை. தாமரை டீச்சரும் அதைத்தானே சொல்கிறார்?

ரெண்டு_பிள்ளை_அப்பா:
நான் ஆசிரியர் இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். என் மகள் படிக்கும் தனியார் பள்ளியில் வீட்டுப்பாடம் ஒரு செயலியில் வருகிறது. சரியான விடைக்கு நட்சத்திரம். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேள்வியைப் படிக்கவே இல்லை. முதல் விடையை அமுக்கினாள், சிவப்பு வந்தது. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, பச்சை. அடுத்த கேள்வி. "ஏம்மா இது தப்பு?" என்று கேட்டேன். "அதெல்லாம் கேக்காதுப்பா" என்றாள். வாரக் கடைசியில் அவளுக்கு முழு நட்சத்திரம், எங்களுக்குப் பாராட்டுச் செய்தி. தப்பு ஏன் தப்பு என்று கேட்காத கருவி பிள்ளையின் யோசிக்கும் பழக்கத்தையே கெடுக்கிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

தாமரை டீச்சர், உங்களிடமும் ஒரு கேள்வி. பிள்ளைகளின் குரல் உங்கள் ஃபோனில் எவ்வளவு நாள் இருக்கும்? பெற்றோரிடம் கேட்டீர்களா?

பயிற்சி_ஆசிரியை:
பி.எட். படிக்கிறேன். "சிந்தித்துக் கற்றல்" என்ற பேச்சே எனக்குக் கொஞ்சம் பயம். எங்களுக்குச் சிந்தனைக் குறிப்பேடு என்று ஒரு ரெக்கார்டு உண்டு. கற்பித்தல் பயிற்சிக்குப் போன ஒவ்வொரு நாளும் என்ன கற்றோம், எதை மாற்றுவோம் என்று எழுத வேண்டும். நடப்பது என்ன? சீனியர் ரெக்கார்டை வாங்கித் தேதியை மாற்றி எழுதுகிறார்கள். இப்போது சாட்ஜிபிடி வந்துவிட்டது. "இன்றைய வகுப்பில் மாணவர்களின் பங்கேற்பு ஊக்கமளித்தது" என்று அடுக்கடுக்காக வருகிறது. வகுப்புக்கே போகாத நாளுக்கும் வருகிறது. மதிப்பெண்ணுக்காக வாங்கும் சிந்தனை இப்படித்தான் முடியும். டீச்சர், உங்கள் மூன்றாவது வரிக்கு மதிப்பெண் வைத்தால் அடுத்த ஆண்டே வகுப்பு முழுக்க ஒரே மூன்றாவது வரி இருக்கும்.

தாமரை_அறிவியல்:
வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். பதிவு என் ஃபோனை விட்டு வெளியே போகாது. வாட்ஸ்அப் குழுவில் போட மாட்டேன். வகுப்பில் திரும்பப் போட்டுக் காட்டியதும் பிள்ளைகள் முன்னாலேயே அழித்துவிடுவேன். முகம் வேண்டாம், குரல் போதும் என்று வைத்திருப்பதும் அதனால்தான்.

பயிற்சி ஆசிரியை சொன்னதை நூற்றுக்கு நூறு ஏற்கிறேன். மூன்றாவது வரிக்கு மதிப்பெண் கிடையாது, சிவப்பு மை கிடையாது, எழுத்துப்பிழைகூடத் திருத்துவதில்லை. ஒரு பிள்ளை "டீச்சர் சொன்னதால் மாற்றிக்கொண்டேன்" என்று எழுதியிருந்தது. அதையும் அப்படியே விட்டேன். என் வகுப்பைப் பற்றி எனக்கு அதைவிட உருப்படியான தகவல் வேறு கிடைக்காது. எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்யவும் முடியாது. பாடவேளை 40 நிமிடம். அதற்குள் வருகையைச் செயலியில் ஏற்ற வேண்டும், அது இது என்று ஆயிரம். பிள்ளைகள் வழக்கமாகத் தவறாக நினைக்கும் இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் செய்கிறேன்.

பாலாறு ஐயா, பல்பை இடம் மாற்றிப் போடும் யோசனை பிரமாதம். நிச்சயம் செய்வேன். ஆனால் பல்பு பிரகாசத்தைத்தான் காட்டும், மின்னோட்டத்தைக் காட்டாது. "கரண்ட்டைத் தின்னுடும்" என்று எழுதிய பெண்ணுக்குப் பதில் அம்மீட்டரில்தான் இருக்கிறது. எங்கள் நடுநிலைப் பள்ளியில் வேலை செய்யும் அம்மீட்டர் இல்லை. திரையில் பிள்ளைக்கு எத்தனை வேண்டுமோ அத்தனை இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம்.

பாலாறு:
அம்மீட்டர் விஷயம் சரி. அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஆனால் ஃபோன் பதிவை நான் இன்னும் ஏற்கவில்லை. ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்கு விளக்கினால் அதே வேலை நடக்குமே? கேட்கிற பிள்ளை "எப்படி?" என்று திருப்பிக் கேட்கும். ஃபோன் கேட்காது.

தாமரை_அறிவியல்:
தோழி "எப்படி?" என்று கேட்பாள் என்று நினைக்கிறீர்கள். என் வகுப்பில் தலையைத்தான் ஆட்டுகிறாள், ஐயா. அதுவும் நன்றாகப் படிக்கும் பிள்ளை சொன்னால் அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சே கிடையாது. ஒரு வாரம் கழித்துத் தன் குரலைக் கேட்கும்போதுதான் அந்த நன்றாகப் படிக்கும் பிள்ளையே நெற்றியைச் சுருக்குகிறது. பேசும்போது தன் பேச்சை அது கேட்டிருக்கவில்லை.

பயிற்சி_ஆசிரியை:
அப்படியானால் இரண்டு பிரிவு எடுத்துப் பார்க்கலாமே? ஒரு பிரிவுக்கு நிஜ பல்பு முதலில், இன்னொன்றுக்குத் திரை முதலில்.

தாமரை_அறிவியல்:
எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு ஒரே பிரிவுதான். ஆனால் பக்கத்துப் பள்ளி அறிவியல் ஆசிரியரும் நானும் சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சந்திப்போம். அவர் நிஜ பல்பின் பக்கம். கேட்டுப் பார்க்கிறேன்.

பாலாறு:
செய்யுங்கள். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். பாடம் முடிந்த மறுநாளே கேட்காதீர்கள், மறுநாள் எல்லாப் பிள்ளையும் சரியாகத்தான் சொல்லும். ஒரு மாதம் போகட்டும். அதே இரண்டு பல்பையும் கேட்காதீர்கள். மூன்று பல்பைத் தொடராக வரைந்து கொடுத்து, நடுவில் இருப்பது எப்படி எரியும், ஏன் என்று கேளுங்கள். "ஏன்" என்பதற்குக் கீழே நாலு வரி இடம் விடுங்கள்.