கமகம் (சுர அசைவு) இழுக்கும்போது இடது கை இறுகுகிறது, வழி சொல்லுங்கள்

வீணை வாசிப்பவர்களுக்கு வணக்கம். வரிசைகள், அலங்காரங்கள் எல்லாம் சுகமாகப் போகின்றன. தோடி ராகத்தில் காந்தார சுரத்தை அசைக்கத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால்தான் தொல்லை. கட்டைவிரல் தண்டியை (வீணையின் நீண்ட கழுத்தை) கவ்விக்கொள்கிறது, இடது தோள் காதுவரை ஏறுகிறது, மூச்சும் நின்றுவிடுகிறது. கீழ்க்காலத்தில் சமாளிக்கிறேன், வர்ணம் வாசிக்கையில் இரண்டாம் காலத்தில் (இரட்டை வேகத்தில்) முன்கை கல்லாகிவிடுகிறது.

‘தளர்வாக வை’ என்கிறார்கள். எதைத் தளர்த்துவது என்று யாரும் சொல்வதில்லை!

கட்டைவிரலைத் தண்டியில் படாமலே வைத்துப் பழகியவர்கள் உண்டா? இழுப்பு விரலிலிருந்து வர வேண்டுமா, முழங்கையிலிருந்தா? சுருதியை (ஆதார சுரத்தின் உயரத்தை) 4 கட்டையிலிருந்து 3 கட்டைக்கு இறக்கினால் தந்தியின் இறுக்கம் குறையும். ஆனால் நாதம் தொய்ந்துவிடுமோ என்று தயக்கம். மெட்டுகளுக்கு (தண்டியின் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகளுக்கு) மேல் தந்தி சற்று உயரமாகவே நிற்கிறது. அழுத்தவே பலம் வேண்டியிருக்கிறது. மறுபடி மேளம் கட்டினால், அதாவது மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதித்தால் இது சரியாகுமா, தந்தியைத் தாங்கும் குதிரையைத் தொட வேண்டுமா?

சுரைக்குடுக்கை இடது தொடையில் சரியாகத்தான் அமர்ந்திருக்கிறது. வலி கிடையாது, இறுக்கம் மட்டும்தான். ஆகவே தைலம், மாத்திரை ஆலோசனைகள் வேண்டாம். இதே சிக்கலிலிருந்து மீண்டவர்கள் என்ன பயிற்சி செய்தீர்கள் என்று விவரமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். கையை மட்டும் காட்டும் காணொளி இருந்தால் இன்னும் நல்லது.