குழந்தை வார்டில் நர்ஸும் தெரபிஸ்டும் எதுவரை போகலாம்?

கடைமடையான்:
என் தங்கை மகள் குறைமாதத்தில் பிறந்தவள், ஊர் வேதாரண்யம் பக்கம். பத்து மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. ‘சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வரும்’ என்று ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் தடுப்பூசி போட்ட நர்ஸம்மாதான் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, “விறைப்பு இருக்கு, தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்க” என்றார். ஆனால் அதை அவர் சீட்டில் எழுதித் தர முடியாதாம். இவர்களுக்கு மேல்பயிற்சியும் கொஞ்சம் அதிகாரமும் கொடுத்தால் என்ன? அமெரிக்காவின் கொலராடோவில் லோரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் 1965-லேயே இதற்கென்று ஒரு பயிற்சியைத் தொடங்கிவிட்டார்கள்.

குடவாசல் டாக்டர்:
உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் காலையில் சளி என்று வரும் குழந்தை ராத்திரி மூச்சுக்குத் தவிக்கும். இங்கே எல்லா மருந்தும் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்குதான். 3 கிலோ குழந்தைக்கு ஒரு புள்ளி தள்ளி விழுந்தால் பத்து மடங்கு. 2019 மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, டாக்டர் அல்லாதவர்களுக்கும் மருத்துவம் பார்க்க வரம்புக்குட்பட்ட உரிமம் என்றபோது நாங்கள் போராடியது இதற்காகத்தான்.

ராத்திரி டியூட்டி:
சார், அந்தப் புள்ளி தவறினால் முதலில் பிடிப்பது யார்? விலா உள்வாங்குகிறது, உதடு நீலமாகிறது என்று இரண்டு மணிக்கு உங்களுக்குப் போன் போடுவது யார்? தீவிர சிகிச்சைக்கு நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேல்பயிற்சி பெற்றுச் சிகிச்சையிலும் முடிவெடுக்கும் நர்ஸ், என்று முதுநிலைப் படிப்பே இருக்கிறது. படித்து வந்தவளுக்கு வார்டில் அந்தப் பெயரில் நாற்காலி எங்கே? குழந்தை நலத்தில் எம்.எஸ்ஸி. முடித்த என் சீனியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறார். விதைநெல்லைப் பத்தாயத்தில் பூட்டி வைத்த கதைதான்.

கைகால்காரன்:
தலைப்பில் தெரபிஸ்டும் இருக்கிறான், ஞாபகமிருக்கட்டும்! 2013-ல் வந்த தேசியத் திட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை இடையீட்டு மையம், வளர்ச்சிக் குறையைச் சீக்கிரமே கண்டு சிகிச்சை தொடங்க. சரி, பிள்ளை எப்போது வருகிறது? விறைப்பு நன்றாக ஏறிய பிறகு. படுத்திருக்கும் குழந்தை தானாகக் கைகால் ஆட்டுவதைப் பார்த்தே மூளைவாத (மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கெடுவது) ஆபத்தைக் கணிக்கும் முறை ஒன்று உண்டு. அதை முதல் ஐந்து மாதத்துக்குள் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு வரும் நாளில் அதைப் பார்க்கத் தெரிந்த ஓர் ஆள் அங்கே இருந்தால் போதும். எப்படித் தூக்குவது, எப்படிச் சாய்த்துப் பால் கொடுப்பது என்று அம்மாவுக்கு அன்றைக்கே சொல்லித் தரலாம். எனக்கு மருந்துச்சீட்டு எழுதும் ஆசையெல்லாம் இல்லை.

குடவாசல் டாக்டர்:
நேரே அனுப்பும் அதிகாரம் கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. மருந்து மட்டும் வேண்டாம்.

ராத்திரி டியூட்டி:
ராத்திரி எடை பார்த்து பாரசிட்டமால் அளவை நான் சொல்வேன், போனிலேயே சரி என்பீர்கள், காலையில் வந்து கையெழுத்துப் போடுவீர்கள். இப்போதும் அதுதானே நடக்கிறது?

குடவாசல் டாக்டர்:
நடக்கிறது. ஆனால் வழக்கு என்று வந்தால் என் பெயர்தான்.

ராத்திரி டியூட்டி:
அதனால்தான் கேட்கிறோம். பயிற்சி கொடுங்கள், தேர்வு வையுங்கள், எந்தெந்த மருந்து எதுவரை என்று எழுதிக் கொடுங்கள். எங்கள் பெயரும் அதில் வரட்டும்.

கடைமடையான்:
நீங்கள் முடிவு செய்வதற்குள் ஒரு கேள்வி. பிள்ளையின் கைகால் பயிற்சிக்குத் தஞ்சாவூர் போய்வர தங்கைக்கு ஒரு நாள் முழுசாகப் போய்விடுகிறது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் குழந்தையையும் பார்ப்பாரா?

கைகால்காரன்:
நான் பார்த்தவரை, பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கே அவர்களுக்கு நேரம் சரியாகிவிடும். இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவிடுங்கள். போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காதீர்கள்.