மறுமொழி: மூத்த ஆட்டக்காரரின் ‘லோட் மேனேஜ்மெண்ட்’ – தமிழில் என்ன?

குழும நண்பர்களுக்கு வணக்கம். காயம் வராமலிருக்க, மூத்த கூடைப்பந்து வீரரின் ஆட்ட நிமிடங்களையும் பயிற்சியையும் அளந்து கொடுப்பதை ஆங்கிலத்தில் ‘லோட் மேனேஜ்மெண்ட்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் என்ன என்ற கேள்விக்கு வந்த பதில்களுக்கு என் மறுமொழி இது.

> ‘பணிச்சுமை மேலாண்மை’ என்று நாளிதழ்கள் எழுதிவிட்டன. அதையே வைத்துக்கொள்ளலாம்.

கிரிக்கெட் வீரர் பும்ராவைப் பற்றிய செய்திகளில் அந்தச் சொல்லை நானும் படிக்கிறேன். ஆனால் மேசையில் கோப்புகள் குவிவதும் பணிச்சுமைதானே? கூடைப்பந்தில் முழங்காலும் கணுக்காலும் தாங்குகிற சுமைக்குத் தனிப்பெயர் வேண்டும்.

> அப்படியானால் ‘திட்டமிட்ட ஓய்வு’ போதுமே ஐயா?

இதை உறுதியாக மறுக்கிறேன். ‘37 வயது நட்சத்திரத்துக்கு ஓய்வு’ என்று தலைப்பு வந்தால், அவர் விளையாட்டையே விட்டுவிட்டார் என்றுதான் நம்மவர்கள் படிப்பார்கள். அல்சூரில் நான் பயிற்சி தரும் குழுவின் மூத்த வீரரிடம் “நாளை உங்களுக்கு ஓய்வு” என்றதும் அவர் முகம் வாடிப்போனது. அடுத்த வார அரையிறுதிக்காகத்தான் என்று விளக்கிய பிறகே நிமிர்ந்து பார்த்தார்.

சும்மா உட்காரவைப்பதோடு வேலை முடிந்துவிடுவதும் இல்லை. எங்கள் குறிப்பேட்டில் இப்படி இருக்கும்: பயிற்சி 40 நிமிடம், எவ்வளவு கடினம் என்று வீரரே பத்துக்குச் சொல்லும் எண் 7, பெருக்கினால் அன்றைய சுமை 280. பக்கத்திலேயே, மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது முழங்கால் எப்படி இருந்தது என்று ஒரு வரி. சுமை தொடர்ந்து கூடினாலும் ஆபத்து. அடியோடு குறைத்துவிட்டு, லீக் ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளே ஆஃப் சுற்றில் திடீரென்று 40 நிமிடம் ஆடவைத்தாலும் ஆபத்து.

அமெரிக்காவின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் கூடைப்பந்து அணியைப் பாருங்கள். 2012 நவம்பரில் மூத்த வீரர் டிம் டங்கன் உள்ளிட்ட நால்வரை மயாமி ஆட்டத்தில் ஆடவைக்காமல் முன்பே வீட்டுக்கு அனுப்பியதற்காக, அந்நாட்டுக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. அந்த அணிக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. பயிற்சியாளர் போபோவிச் அசரவில்லை. 2013–14 பருவத்தின் 82 லீக் ஆட்டங்களில் அந்த அணியின் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. 38 வயது டங்கனோடு கோப்பையையும் வென்றார்கள். மூத்தவர்களின் நிமிடங்களை இளையவர்களுக்குப் பிரித்துக் கொடுத்த கணக்கு அது.

ஆகவே என் பரிந்துரை ‘ஆடுசுமைப் பங்கீடு’. ஆடுகளம் போல ஆடுசுமையும் வினைத்தொகை. ஆடிய சுமை, ஆடுகின்ற சுமை, ஆடும் சுமை மூன்றும் அதற்குள் அடங்கும்; பயிற்சியாளர் கணக்கிட வேண்டியதும் இந்த மூன்றையும்தான். ‘ஆடு’ என்றதும் விலங்கு நினைவுக்கு வரும் என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். ஆடுகளம் என்று படிக்கும்போது யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லையே. ‘மேலாண்மை’ எல்லாவற்றுக்கும் ஒட்டவைக்கும் சொல்லாகிவிட்டது. ‘பங்கீடு’ என்றால் யாருக்கு, எந்த நாளில், எவ்வளவு என்ற கேள்வி உடனே எழுகிறது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. சுமை திடீரென்று எகிறுவதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘சுமைத்தாவல்’ என்று குறித்துவருகிறேன். ஆனால் தாவிக் குதிப்பதும் இந்த ஆட்டத்தின் அன்றாட வேலை என்பதால் பையன்கள் குழம்புகிறார்கள். இலக்கணம் அறிந்தவர்கள் வேறு சொல் தந்தால் இந்த வாரமே குறிப்பேட்டில் எழுதிப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு