கொடைக்கானல் மலையில் துப்பாக்கி லைசென்ஸ்: நேரில் பட்டவர்கள் சொல்லுங்கள்

பண்ணைக்காடு:
கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு கொடுத்த என் மாமாவை அலையோ அலையென்று அலைய விடுகிறார்கள். மிளகு விற்ற காசோடு ராத்திரியில் மலை ஏறுகிறவர் அவர். சட்டம் இவ்வளவு கெடுபிடியாக இருப்பது நமக்குப் பாதுகாப்பா, வழிப்பறிக்காரனுக்கு வசதியா?

தாண்டிக்குடி:
பட்டவன் நான். வத்தலக்குண்டில் மிளகு போட்டுவிட்டுப் பெரும்பாறை வழியாகப் பிக்கப்பில் ஏறிக்கொண்டிருந்தேன். கொண்டை ஊசி வளைவில் குறுக்கே சில்வர் ஓக் கட்டை கிடந்தது. இறங்கி நகர்த்தப் போனேன், புதரிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். இருபது வயசு தாண்டியிருக்காது. ஒருத்தன் கையில் அரிவாள். பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. அந்தக் கை வெடவெடவென்று நடுங்கியது ஹெட்லைட் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது. பின்பக்கமாகவே நகர்ந்துபோய், சட்டைப்பையில் இருந்த காசையும் போனையும் தரையில் வைத்தேன். பொறுக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். சீட்டுக்கு அடியில் இருந்த மிளகுப் பணத்தைத் தேடக்கூட இல்லை.

அந்த நடுங்கின கையில் துப்பாக்கி இருந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். அரிவாள் என்றால் அவன் என் பக்கத்தில் வந்தாக வேண்டும், நான் விலகிப் போகவாவது இடம் இருந்தது. துப்பாக்கிக்கு விரல் தவறினாலே போதும். என்னிடம் ஒன்று இருந்திருந்தாலும், கட்டையைத் தள்ளக் குனிந்தவன் எப்போது அதை எடுப்பது?

எங்கள் வீட்டில் தாத்தா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கின லைசென்ஸ், தோட்டத்தோடு சரி. தாத்தா தவறியதும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, அப்பா பேருக்கு மாற்ற வி.ஏ.ஓ., தாசில்தார், போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று ஏறி இறங்கினோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் லைசென்ஸ் கொடுக்கும் முன் போலீஸ் அறிக்கை கேட்டே ஆக வேண்டும். அலைச்சல் நிஜம். ஆனால் அந்த அலைச்சல் இருப்பதால்தான் வரப்புச் சண்டையில் கோபம் தலைக்கேறினவன் மறுநாளே கடைக்குப் போய் வாங்கி வர முடியவில்லை.

மன்னவனூர்:
அண்ணே, பாதிதான் ஒத்துக்கொள்கிறேன். 2024 மார்ச் 16 அன்று தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். நம் மாநிலத்தில் ஏப்ரல் 19-லேயே ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. இருந்தாலும் ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. அதுவரை ராத்திரியெல்லாம் காட்டுப்பன்றி கேரட் பாத்தியைக் கிளறிப் போட்டது. விரட்டுவதற்கு ஒரு வெடி போடக்கூட வழியில்லை.

லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவன் எந்தத் தேர்தலுக்கு ஒப்படைத்தான்? கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற அந்தக் குழாயைக் கண்டாலே எனக்குப் பயம். பன்றி என்று நினைத்து இருட்டில் சுட்டதில், தண்ணீர் திருப்பப் போன எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குத் தொடையில் குண்டு ஏறியது. மனு கொடுத்து நிற்பவனைப் போட்டுத் துருவுவதில் பாதியை இந்தக் கள்ளத் துப்பாக்கியைப் பிடிப்பதில் காட்டட்டும்.

கொடைக்கானல்:
நாங்கள் ஹூஸ்டனில் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி தடை இல்லாத, 21 வயசு நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். என் கணவரின் நண்பர் வேலை பார்த்த பெட்ரோல் பங்க் கடையில் கல்லாவுக்கு அடியில் எப்போதும் ஒரு துப்பாக்கி இருக்கும். ஒரு நாள் கொள்ளைக்காரன் உள்ளே வரும்போதே நீட்டிக்கொண்டுதான் வந்தான். நண்பர் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி நின்றார். கல்லா காலி, உயிர் தப்பியதே பெரிசு. சிக்னலில் யாராவது பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் திரும்பி முறைக்கக்கூடக் கூடாது என்று என் பையனுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். இங்கே வந்த பிறகு அந்தப் பயம் இல்லை.

இங்கே என் பயம் வேறு. அவசரத்துக்கு 112 என்கிறார்கள், காவல் உதவி செயலி என்கிறார்கள். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் டவரே கிடைக்காது. துப்பாக்கியை அரிதாக்கிய அரசு, கூப்பிட்டால் ஆள் வந்து சேரும்படியும் செய்ய வேண்டும். அது இல்லாமல் மலையில் தனியாக இருக்கும் பெண்களிடம் சட்டத்தின் பெருமையைப் பேசாதீர்கள்.

தாண்டிக்குடி:
அந்த அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எனக்கும் அன்றைக்குப் போலீஸ் வந்து சேர விடிந்துவிட்டது.

பண்ணைக்காட்டுத் தம்பிக்கு: மனு அது பாட்டுக்கு நடக்கட்டும். தற்காப்பு உரிமை துப்பாக்கி இல்லாதவனுக்கும் உண்டு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையான பிரிவுகளை மாமாவுக்குப் படித்துக் காட்டுங்கள். மிளகுக் காசை வியாபாரியிடம் பேங்கில் போடச் சொல்லுங்கள். இருட்டிவிட்டால் நாங்கள் இப்போது இரண்டு வண்டி சேர்ந்துதான் ஏறுகிறோம். மாமா வருகிற அன்றைக்கு முன்கூட்டியே சொன்னால், பெரும்பாறையில் காத்திருந்து கூட்டிவருகிறோம்.