எக்ஸ்கவேட்டர் பூமில் அதே இடத்தில் திரும்பத் திரும்ப விரிசல், தடுக்க என்ன வழி?

சுரங்க ஃபிட்டர்:
எங்கள் பெரிய எக்ஸ்கவேட்டரில் பூமில் (பக்கெட்டைத் தாங்கும் பெரிய கை), சிலிண்டரை இணைக்கும் முளை உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில், வெல்டு ஓரமாகவே விரிசல் விடுகிறது. வெல்டு வைத்து மேலே ஒரு தகடும் ஒட்டினோம். இப்போது தகடு முடிகிற இடத்தில் புதுக் கோடு. இன்னும் தடிமனான தகடு போடச் சொல்கிறார் மேலாளர். சரிவருமா? டம்பர் லாரியின் சேஸிஸிலும் (அடிச்சட்டம்) இதே கதைதான்.

பட்டறைவாசி:
தகட்டை மறந்துவிடுங்கள் அண்ணே. அது அந்த இடத்தை விறைப்பாக்கும், சுமை தகட்டின் விளிம்பில் போய்க் குவியும், அடுத்த விரிசல் அங்கேதான். பழைய விரிசலை அடிவரை கௌஜிங் செய்து (உலோகத்தைத் தோண்டி) எடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற நுனியைத் தாண்டி அது ஓடியிருக்கும், அதனால் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சிவப்புச் சாயம்) அடித்து, சிவப்புக் கோடு அறவே வராத வரை அரைக்க வேண்டும். அப்புறம் தடிமனுக்கு ஏற்பச் சூடேற்றி, ஓவனில் வைத்திருந்த 7018 ராடில் (ஹைட்ரஜன் குறைவான வெல்டிங் குச்சி) வெல்டு செய்யுங்கள். ராடில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் உள்ளே போய், வெல்டு ஆறி ஒரு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். முடித்த கையோடு ஓகே எழுதாமல் 48 மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கடைசியில் வெல்டு ஓரத்தை வழவழப்பாக இழைக்கும்போது கிரைண்டர் கோடு சுமை போகும் திசையிலேயே விழ வேண்டும், குறுக்கே விழக் கூடாது.

ஹால்ரோடு:
வெல்டு சரி, காரணத்தை யார் பார்ப்பது? வெல்டு செய்த இரும்பின் ஆயுள், தோராயமாக, தகைவின் (ஸ்ட்ரெஸ், சுமையால் இரும்புக்குள் வரும் விசை) மூன்றாம் படிக்கு எதிராகக் குறையும். தகைவு 10 சதவீதம் ஏறினாலே ஆயுளில் கால்வாசி போச்சு, 20 ஏறினால் 40 சதவீதத்துக்கு மேல். வலுவான ஸ்டீல் போட்டாலும் வெல்டு ஓரத்தில் பெரிய மாற்றம் வராது. பக்கெட்டை ஊன்றி ஸ்விங் செய்து கல்லை ஒதுக்குவது, பிளாஸ்டிங்கில் உடையாத பாறையை நெம்புவது, சிலிண்டரைக் கடைசி வரை ஓட்டி இடிப்பது, இதெல்லாம் உங்கள் ஷிப்டில் நடக்கிறதா என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.
டம்பருக்கு 10/10/20 விதி: சராசரி லோடு குறித்த அளவைத் தாண்டக் கூடாது, 110 சதவீதத்துக்கு மேல் போகும் லோடு பத்தில் ஒன்றுக்கு மிகக் கூடாது, 120ஐ எதுவுமே தாண்டக் கூடாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் சேஸிஸ் முறுக்கும், சஸ்பென்ஷனில் நைட்ரஜன் குறைந்திருந்தால் இன்னும் மோசம். பாதையைச் சமன்செய்யக் கிரேடரை அனுப்புவது வெல்டரை அனுப்புவதை விடச் செலவு குறைவு!

கழுவு முதலில்:
சேறு அப்பிய மெஷினில் எந்த விரிசலும் தெரியாது. கழுவிவிட்டு, பெயின்ட் மயிரிழையாக வெடித்துத் துரு கசியும் இடங்களைத் தேடுங்கள். இரண்டு நுனியையும் குறியிட்டுத் தேதி எழுதினால் வளரும் வேகம் தெரியும்.

சுரங்க ஃபிட்டர்:
நன்றி. விரிசல் மேலும் ஓடாமல் இருக்க அதன் நுனியில் துளை போட்டு இந்த வாரம் ஓட்டலாமா?

பட்டறைவாசி:
துளை கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான், அதுவும் உண்மையான நுனியில் விழுந்தால். பூம் என்பதால் நான் நிறுத்திவிடச் சொல்வேன்.