மறு: எருசலேம் பயணிகளின் எழுத்துக்கு என்ன சொல்? (எருசலேமுக்குப் போய்வந்த பழங்கால கிறித்தவப் பயணிகளின் எழுத்து வகைக்குத் தமிழில் கலைச்சொல் தேடுகிறோம்.)

> ‘ஆற்றுப்படை’ என்றே வைத்துவிடலாமே? வழி சொல்லும் எழுத்துதானே.

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒட்டாது. ஆற்றுப்படையில் வள்ளலிடம் பரிசில் பெற்றவன் எதிரே வருபவனிடம் ‘நீ இப்படிப் போ’ என்கிறான். முருகாற்றுப்படையும் பக்தனை வழிப்படுத்துவதுதான். எருசலேம் போய்வந்தவர்களோ ‘நான் போனேன், பார்த்தேன்’ என்கிறார்கள்.

கலைச்சொல்லின் முன்பகுதியில் சிக்கல் இல்லை. ‘திருப்பயணம்’ கத்தோலிக்கர் அன்றாடம் புழங்கும் சொல். பின்பகுதிதான் இடிக்கிறது. ‘நூல்’ என்றால், 4ஆம் நூற்றாண்டின் எகேரியா ஊரிலிருந்த சகோதரிகளுக்கு எழுதியது மடல். ‘குறிப்பு’ என்றால் போனவரே எழுதியதாகத் தொனிக்கும். ஆர்குல்ஃப் என்ற ஆயர் சொல்லச் சொல்லத் தான் எழுதியதாக ஸ்காட்லாந்தின் அயோனா மடத்தலைவர் அதம்னான் சொல்கிறார். வில்லிபால்டு 778இல் தன் பயணத்தைச் சொல்ல, எழுதியவர் ஹுகெபர்க் என்ற கன்னியாஸ்திரி.

அதில் ஓர் இடம். வில்லிபால்டு எருசலேமில் பால்சம் என்ற விலையுயர்ந்த நறுமணப் பிசினை வாங்கிச் சுரைக்குடுக்கையில் ஊற்றுகிறார். அடி மூடிய நாணல் குழாயில் பாறை எண்ணெயை (பெட்ரோலியம்) நிரப்பி, குடுக்கைக்குள் செருகி, விளிம்போடு விளிம்பு சேர நறுக்கி வாயை அடைக்கிறார். தீரு (இன்றைய லெபனானில்) துறைமுக நகரில் சுங்கக்காரர்கள் திறந்து முகர்ந்தால் எண்ணெய் நாற்றம்தான்! விட்டுவிட்டார்கள். பின்னாளில் ஆயராகிப் புனிதரானவர், கடத்தலை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இந்தச் சொல்லும் குரல் கலைச்சொல்லில் இருக்க வேண்டும்.

சங்கப் பாடல்களில் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்கிறோமே. எழுதியவர் புலவர், பேசுபவர் வேறு. அதனால் என் பரிந்துரை: திருப்பயணக் கூற்று.

---

> திருப்பயணக் கூற்று

‘கூற்று’ என்றால் எமனும்தான். வழியிலேயே செத்தவர்கள் பலர் என்பதால் அதுவும் பொருத்தம் என்பீர்களோ!

சரி, ஏற்கிறேன். ஆனால் 333இல் பிரான்சின் போர்தோவிலிருந்து போனவருடையதை இதில் சேர்க்காதீர்கள். பாலஸ்தீனத்தை எட்டும்வரை அவர் பேசுவதே அரிது: குதிரை மாற்றும் இடம், இத்தனை மைல், இராத்தங்கும் இடம், இத்தனை மைல். பக்கம் பக்கமாக இதேதான். அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘பயணத்திட்டம்’ ஆகாது, அது போகுமுன் போடுவது. நிகழ்ச்சிநிரல் போல ‘வழிநிரல்’ எனலாமா?

---

> வழிநிரல்

நன்று. எருசலேமில் அவர் வாய்திறந்து குளம், தூண் என்று காட்டத் தொடங்கும் பகுதியை மட்டும் கூற்றில் சேர்த்துக்கொள்கிறேன்.